சாட்சித் துண்டு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிரஷர் குக்கர் இருக்கிறது. வாங்கின நாளிலிருந்து சாப்பிடும் பொருள் எதுவும் அதில் வெந்ததில்லை. வேகிறதெல்லாம் கண்ணாடித் துண்டில் ஒட்டிய மனிதச் சதை. புதிதாக வருகிறவர்கள் விசில் சத்தம் கேட்டு, "இங்க சமையல்கூட உண்டா?" என்று விசாரிப்பார்கள். சாயக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "உண்டு, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்பாள். கேட்டவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

சாயக்கா என்பது அவளுடைய பெயர் இல்லை, வேலை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்த அறையில், நானும் அவளும் எதிரெதிர் மேஜை. மேலே ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் சதை மெழுகுக் கட்டிக்குள் உறைந்து என்னிடம் வரும். நான் அதை இயந்திரக் கத்தியில் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்பேன். அந்தக் கண்ணாடியில் எதுவுமே இல்லாத மாதிரிதான் தெரியும். அதற்குச் சாயம் போட்டு, இருப்பதைக் கண்ணுக்குக் காட்டுவது அவள். டாக்டரிலிருந்து தரை துடைக்கும் அம்மா வரை எல்லோருக்கும் அவள் சாயக்காதான். அவளைவிட மூத்தவனான நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவளோ என்னை அண்ணே என்பாள். யார் யாருக்கு மூத்தவர் என்று வெளியாள் குழம்பினால் அது அவர் பாடு.

அவள் மேஜையில் ஒரு துணியை இடம் மாற்றி வைத்தால்கூட அன்று முழுக்க வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிகளோடு பேசுவாள். "ஏன் இப்படி வெளுத்துப்போய் உக்காந்திருக்க, நேத்து நல்லாத்தானே இருந்த?" என்று அவள் திட்டுவதைக் கேட்டு, நான் என்னைத்தான் சொல்கிறாளோ என்று பல தடவை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன்.

சாயம் போடுவதில் ஒரு தொல்லை உண்டு. இருக்கும் பொருள் பழுப்பாகத் தெரியவேண்டும். தெரியவில்லையென்றால், அந்தச் சதையில் அந்தப் பொருள் இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். சாயம் போட்டவள் சொதப்பிவிட்டாள் என்றும் இருக்கலாம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும், அந்தப் பொருள் நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்த ஒரு நல்ல சதைத் துண்டையும் சேர்த்து ஒட்டுவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சாட்சி. சாட்சியில் பழுப்பு வந்தால் சாயம் சரி, நோயாளியின் துண்டு சொல்வது உண்மை. சாட்சியே வெளுத்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கூடவே ஜோடிக் கண்ணாடி ஒன்றும் போகும். அதற்கும் எல்லாம் ஒன்றுதான். அந்தப் பொருளைத் தேடிப் பிடிக்கும் மருந்துத் துளி மட்டும் விழாது. அதில் நிறமே வரக் கூடாது. அதற்குப் பெயர் 'சும்மா'.

எங்கள் சாட்சி யார் தெரியுமா? சாயக்காவேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயிற்று வலி வந்து அவளுக்குக் குடல்வாலை எடுத்தார்கள். குடல்வாலின் உள்பக்கத்துச் செல்கள் நல்ல பழுப்பாக வரும், சாட்சிக்கு அதைவிடத் தோதான சதை கிடையாது. பரிசோதனை முடிந்து மிஞ்சியதை வைத்துக்கொள்ளலாமா என்று அப்போதிருந்த டாக்டர் கேட்டார். கேட்ட வாய் மூடும் முன்னே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் எவருடைய சதை சாயத்துக்கு வந்தாலும், அதற்குப் பக்கத்தில் மோதிரம்போல வட்டமாக இவளுடைய குடல்வால் துண்டு ஒன்று துணைக்கு உட்கார்ந்திருக்கும்.

"நான் லீவு போட்டாலும் என் குடல்வால் லீவு போடாது அண்ணே" என்று பெருமையடிப்பாள். பெருமைப்பட வேண்டியதுதான். ஒரு தடவைகூட அது வெளுத்ததில்லை.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அவள் தம்பி. வீடு வீடாகப் போய்த் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மாடிப்படி ஏறிப் போகும் அவளுடைய இரண்டு அறை வீட்டில் எது உடைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்துவிட்டு, சரிசெய்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவான். ஊரில் இருக்கிற பாதித் தரை அவன் போட்டது. அவன் வீட்டுச் சமையலறை மட்டும் வெறும் சிமெண்ட். டைல்ஸ் பெட்டிகள் வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தான். ஒட்டத்தான் வேளை வரவில்லை. அவன் மனைவி அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அவனுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து, வெட்டி எடுத்தார்கள். கட்டி என் மேஜைக்குத்தான் வந்தது. வேறெங்கே போகும்? மெழுகைச் சீவும்போது என் கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. பழகின கை, அதுபாட்டுக்கு வேலை செய்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் முதல் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, கட்டியின் ஓரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நடுவில் செல்கள் கூட்டமாக இருந்தன. ஓரத்தில் ஒன்றும் இரண்டுமாகப் பிரிந்து, தசைக்குள் சிதறிக் கிடந்தன. அவை இன்னும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா, பிடியை விட்டுவிட்டனவா என்று பார்க்க ஈ-கேதரினுக்குச் சாயம் போடச் சொன்னார். சொல்லிவிட்டு, சாயக்காவைப் பார்த்துத் தயங்கினார்.

"வேற யாரையாவது வச்சுப் போடலாமா?"

"இங்க வேற யாரு டாக்டர் இருக்கா? அண்ணன் போட்டா எல்லாமே பழுப்பாத்தான் வரும். நானே போடறேன்."

அன்றைக்குத் தையல் பிரிக்க வந்த தம்பி, மேலே வேலை முடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எங்கள் அறைக்கு இறங்கி வந்தான். என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குப் புரியிற மாதிரி யாராவது சொல்லுங்க. உள்ள என்னதான் நடக்குது?" என்றான்.

டாக்டர் நல்லவர். பெரிய வார்த்தைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சொன்னார். குடலின் உள்பக்கத்தில் செல்கள் நெருக்கியடித்து வரிசையாக ஒட்டியிருக்கும், நீங்கள் போடுகிற தரையைப் போல. அவற்றை ஒட்டவைக்கும் பசைதான் ஈ-கேதரின். அது இருக்கிறவரை எந்தச் செல்லும் இடத்தைவிட்டு நகராது. கட்டி வளர வளர, சுற்றியிருக்கும் இடத்திலிருந்தே சில சேதிகள் வருகின்றன. டிஜிஎஃப்-பீட்டா என்று ஒன்று. அது செல்லின் மேலே இருக்கும் ஏற்பியைத் தட்டும். உள்ளே ஒரு புரதம் அந்தச் சேதியை வாங்கி இன்னொன்றிடம் கொடுக்கும், அது செல்லின் நடுவே இருக்கும் கருவுக்குள் ஓடும். அங்கே ஒரு புரதம் விழித்துக்கொள்ளும். அதற்கு விஞ்ஞானிகள் நத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நத்தை போய்ப் பசை தயாரிக்கிற மரபணுவை மூடிவிடும். பசை தீர்ந்ததும் செல் தன் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். சதுரமாக இருந்தது நீளமாகிக் காலை நீட்டி ஊர ஆரம்பிக்கும்.

தம்பி கவனமாகக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"பசை விட்டுப்போனா டைல்ஸ் பேந்து வரும் டாக்டர். அது எனக்குத் தெரியும். ஆனா எழுந்து நடந்து அடுத்த வீட்டுக்குப் போனதா இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வந்து சண்டை போட்டதில்ல."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர்கூடச் சிரித்தார். சாயக்கா மட்டும், "வாய மூடுடா, காயம் பிரிஞ்சுக்கப் போகுது" என்றாள்.

"அந்த நத்தையை நசுக்க முடியாதா?" என்று அவன் கேட்டான்.

"அந்த வழி முழுக்க எங்களுக்குத் தெரியும். யார் யாருக்குச் சேதி சொல்றாங்கன்னு பேர் பேரா தெரியும். ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழியில போயிடுது. தாய் வயித்துல குழந்தை உருவாகறதுக்கும் அதே வழிதான். காயம் ஆறதுக்கும் அதே வழிதான். இப்ப உங்க வயித்துல தழும்பு சேருதே, அதுக்கும் அது வேணும். மொத்தமா அடைக்கவும் முடியல."

"அப்ப எல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாதுன்றீங்க."

"மருந்து கொடுப்போம். ஆனா இத மட்டும் குறி வச்சு நிறுத்தற மருந்து இன்னிக்கு என் கையில இல்லை." டாக்டர் அதைச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்த்தே சொன்னார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

தம்பி எழுந்து நின்று, "பழுப்பு வந்தா பசை இருக்கு. வரலைன்னா நடந்துடுச்சு. அவ்வளவுதானே அக்கா? சொல்லு எனக்கு" என்றான். சொல்கிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் சாயம் போட்டாள். மெழுகைக் கரைத்தாள், சாயம் பிடிப்பதற்காகக் குக்கரில் ஏற்றி வேகவைத்தாள், ஆறவைத்தாள், துளி போட்டாள், ஈரப்பெட்டியில் மூடிவைத்தாள். கண்ணாடிகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கவனித்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

டாக்டர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியை நகர்த்தினார், திரும்ப ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"தம்பியோட துண்டுல பழுப்பு இல்லை. ஆனா சாட்சியிலயும் இல்லையே. உங்க குடல்வால் சுத்தமா வெளுத்துருக்கு. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கு மறுபடி போட்டுடுங்க."

இத்தனை வருஷத்தில் சாட்சி வெளுத்தது அதுதான் முதல் தடவை. சாயக்கா கண்ணாடிகளைத் தட்டோடு வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். கதவு திறந்தே இருந்தது, அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"இல்லடா, சாயம் சரியா வரல... உனக்கும் வரல, எனக்கும் வரல... ஆமா, என்னோட துண்டுலயும்தான்... நாளைக்குத் திரும்பப் போடறோம்... டேய், அப்படி இல்லடா. நான் சொல்றத கேளு..."

அவன் கேட்கவில்லை. அங்கே அவன் போட்ட சத்தம் போனைத் தாண்டி என் மேஜைவரை வந்தது. "அக்காவுக்கும் வரலையாம்!" என்று மனைவியிடம் கத்துகிறான். அவன் கணக்கு எனக்குப் புரிந்தது. அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், அவளுக்கே பழுப்பு வரவில்லையென்றால், வராததில் பயப்பட என்ன இருக்கிறது? இரண்டு பேரும் ஒரே மாதிரி, அவ்வளவுதான். டாக்டர் சொன்னதெல்லாம் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போயிற்று. நம்பவேண்டும் என்று துடிக்கிறவனுக்கு எந்தக் கணக்கும் சரியாகவே வரும்.

சாயக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். "சரிடா", "சரிடா" என்று மட்டும் சொன்னாள்.

சாயந்திரம் மேஜைகளைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தட்டை நான் எடுத்தேன். வீணான கண்ணாடிகளைக் கழித்துப்போடுவது என் வேலை. ஜோடிக் கண்ணாடியான சும்மாவை யாரும் பார்த்திருக்கவில்லை. சாட்சியே வெளுத்த பிறகு சும்மாவை யார் சீந்துவார்கள்? அதைத் தூக்கும்போது ஓரத்தில் ஏதோ தெரிந்தது. வெளிச்சத்துக்குக் காட்டினேன்.

நிறமே வரக் கூடாத கண்ணாடியில், மோதிரம்போல ஒரு பழுப்பு வட்டம். அவளுடைய குடல்வால், எப்போதும்போலப் பளிச்சென்று.

விஷயம் விளங்கிவிட்டது. மருந்துத் துளியை அவள் மாற்றிப் போட்டிருக்கிறாள். போகவேண்டிய கண்ணாடிக்குப் போகாமல் சும்மாவில் விழுந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து முதல் வாரத்தில் இருக்கிற ஆள் செய்கிற தப்பு. அப்படியானால் நான் கையில் பிடித்திருப்பதுதான் உண்மையான கண்ணாடி. சாட்சி சரி. பக்கத்தில் தம்பியின் துண்டு. அதில் ஒரு மூலையில், நல்ல குடல் மிச்சமிருந்த இடத்தில், கொஞ்சம் பழுப்பு. கட்டி தசைக்குள் இறங்குகிற பக்கமெல்லாம், பழுப்பு ஏறாத இடத்தில் தெரியும் அடிச்சாயத்தின் வெளிர்நீலம். இதைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

நான் நிமிர்ந்தேன். சாயக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத கீழ வைங்க அண்ணே. நான் பார்த்துட்டேன்."

"எப்ப?"

"அவனுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன்மா..."

"சொல்லத்தான் கூப்பிட்டேன். சாயம் சரியா வரலைன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அவன் சிரிச்சுட்டான்." அவள் உதடு கோணிக்கொண்டு போயிற்று. "அவன் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்கு வாய் வரல அண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள்மேல் இல்லை, டாக்டர்மேலும் இல்லை. சதைக்குள் உட்கார்ந்துகொண்டு கண் காது இல்லாமல் கதவை மூடுகிற ஒரு புரதத்தின்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? தட்டை டமாரென்று வைத்தேன். வழக்கமாக அதற்கு நாலு திட்டு விழும். அன்று விழவில்லை.

மறுநாள் அவள் திரும்பவும் சாயம் போட்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு கண்ணாடியிலும் விரலை வைத்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் துளி போட்டாள். நான் ஒரு வேலையும் செய்யாமல் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டால் சாட்சி வெளுத்துவிடும். இன்னும் ஒரு நாள் கிடைக்கும். அதற்கடுத்த நாள்? தண்ணீர் மாற்றி ஊற்றலாம். இப்படி நாளுக்கொரு துரோகமாக எத்தனை நாள் ஓட்டுவது? நாங்கள் சாயம் போட்டாலும் போடாவிட்டாலும் அவனுக்குள் போகிறது போய்க்கொண்டேதான் இருக்கும். விசில் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

பழுப்பு ஏறும் நேரம் வந்ததும் அவள் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தாள். முதலில் மோதிரம் வந்தது.

"வராதடி," என்றாள், தன் குடல்வாலைப் பார்த்து. "இன்னிக்கு ஒரு நாள் வராம இருந்தா என்ன உனக்கு?"

அது கேட்குமா? கெட்டி பழுப்பாக, கோடு கோடாக, என்றைக்கும்போல ஒழுங்காக வந்து நின்றது. பக்கத்தில் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவனுடைய துண்டு, அந்த ஒரு மூலை தவிர, வெளுத்தே கிடந்தது.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "இதனால மட்டும் எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்ல. எங்கயாவது போய்ச் சேர்ந்திருக்கான்னு அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும். மருந்த உடனே ஆரம்பிக்கணும்" என்றார். ஒரு நிமிடம் சாயக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தச் செல்கள் ஈரலுக்குப் போனது, மருந்து கொஞ்ச காலம் கேட்டது, அப்புறம் கேட்காமல் போனது, அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. சொல்ல வந்தது அந்த மத்தியானத்தைப் பற்றித்தான்.

"போன்ல வேண்டாம். நேர்ல போய்ச் சொல்லணும். கூட வரீங்களா அண்ணே?" என்றாள். போனேன்.

அவன் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அண்ணி! வாங்கண்ணே! உங்க தம்பி பண்ணியிருக்கிற கூத்த வந்து பாருங்க. நேத்து நீங்க போன் பண்ணதும் குதிச்சுக்கிட்டுப் போய் கட்டிலுக்கடியில கிடந்த பெட்டியெல்லாம் இழுத்துட்டாரு. வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொன்னேன், கேட்டாத்தானே? ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போய் ராத்திரியே உள்ள அடுக்கிட்டு, விடிஞ்சதுலேர்ந்து ஒட்டிக்கிட்டிருக்காரு."

சமையலறை வாசலில் போய் நின்றோம். தரை முழுக்கப் புது டைல்ஸ், வெள்ளை வெளேரென்று. இடுக்குகளில் ஈரம் காயவில்லை. எதிர் மூலையில், ஜன்னலுக்கடியில், தம்பி முட்டிபோட்டு உட்கார்ந்து கடைசி டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு வருஷமா இதே வேலை," என்று அவன் மனைவி எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "உள் மூலையில ஆரம்பிச்சு வாசல்ல வந்து முடிக்கணும்னு நேத்து வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். இவரு சந்தோஷத்துல வாசல்ல ஆரம்பிச்சு அங்க போய் மாட்டிக்கிட்டாரு. மிதிச்சா பேந்துரும். இப்ப காயறவரைக்கும் அங்கேயே கிடக்கணும். டீ கூட ஜன்னல் வழியாத்தான் கொடுத்தேன்."

தம்பி தலையைத் தூக்கினான். "வா அக்கா! எப்படி இருக்கு? ஒரு இழை தப்பியிருக்கா பாரு..."

சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். பேச்சு நின்றது. சுத்தியலை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டான். கொல்லைப்பக்கம் போன அவன் மனைவி டம்ளர் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"நடந்துடுச்சா?" என்றான்.

சாயக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். அவன் கண் ஈரத் தரைக்குத் தாழ்ந்தது. தோள் இரண்டும் குலுங்கின.

"டேய்..." என்று அவள் காலைத் தூக்கினாள்.

அவன் சடாரென்று கையை நீட்டித் தடுத்தான்.

"வராத அக்கா. அங்கேயே நில்லு. இன்னும் ஒட்டல."